கேணல் கார்ட்னரின் தொலைந்த நினைவேடு

முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மேற்சட்டை, காற்சட்டை, தலைப்பாகை ஆகிய மூன்றும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை. அத்துணியோ ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் படையினர் உடுக்கும் கட்டம் போட்ட கம்பளித் துணி. தலைப்பாகையின் உச்சியிலே கொக்கிறகு நிமிர்ந்து நிற்கின்றது. மடியருகே வாளொன்று. வெண்மையான மீசையும் கிருதாவும் முகத்தின் பாதியை மறைக்கின்றன. 1860 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட இந்நிழற்படத்தைக் காண்போருக்கு முதலில் நகைப்புத் தோன்றினாலும், சற்றே உற்று நோக்கியபின் அந்நகைப்பு அடங்கிவிடும். அக்கண்கள் விளையாட்டுக்கு உடை பூண்டவரின் கண்கள் அல்ல.

இவரே பஞ்சாபின் மகாராசா இரஞ்சித் சிங்கின் பீரங்கிப் படையிற் கேணலாகப் பணியாற்றிய அலெக்சாந்தர் கார்ட்னர். பிறந்தது அமெரிக்காவில், வாழ்ந்ததும் மறைந்ததும் நம் கீழைத் தேயத்தில். முதுமைக் காலத்தில் அவர் காசுமீரத்தில் வாழ்ந்தபோது, அங்குச் செல்லும் ஐரோப்பியர் பலர் அவரைத் தேடிச் சென்று கதை கேட்டனர். பயண நூலாசிரியர் அந்திரூ வில்சன் அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர். உடலெங்கும் வாளும் குண்டும் பட்ட தழும்புகள். தொண்டையிற் பட்ட ஒரு காயம் இறுதிவரை அவரை விடவில்லை. உணவையோ நீரையோ விழுங்கும்போதெல்லாம் கழுத்தை இரும்புக் குறடு ஒன்றினாற் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தழும்புகளைக் கண்டவர் எவரும் அவர் போர்க்களம் கண்டவர் என்பதை ஐயுறவில்லை. ஐயம் எழுந்தது வேறொன்றைப் பற்றியே. எந்தப் போர்க்களம், எந்த நாடு, எந்த ஆண்டு என்னும் வினாக்களுக்கு அவர் வாய்மொழியன்றி வேறு சான்று உண்டா?

உண்டாயிருந்தது. அவர் பயணக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவற்றின் சிறந்த பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியவை பிறர் கைகளில் மாறி மாறிச் சென்று, உருமாறி, அவர் மறைந்து 21 ஆண்டுகள் கழிந்த பின்னரே நூலாக வெளிவந்தன. அந்த ஏடுகள் சென்ற வழியைப் பின்தொடர்வது, ஒரு மனிதனைப் பற்றி நாம் எவ்வளவு அறிய முடியும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதாகவே முடிகின்றது.

முதலில் அவர் தம்மைப் பற்றிக் கூறியதைக் கேட்போம். 1785 இல் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் தாம் பிறந்ததாகவும், தம் தந்தையார் ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறிய மருத்துவர் என்றும் அவர் சொன்னார். இளமையில் அயர்லாந்து சென்றார். பின்னர் உருசிய நாட்டின் அஸ்திரகான் நகரில் பொறியியலாளராக இருந்த தமையனாரிடம் போய்ச் சேர்ந்தார். 1817 இல் தமையனார் இறந்தார். உருசிய அரசிற் பணி பெற எண்ணியது கைகூடவில்லை. ஊருக்குத் திரும்பவும் மனமில்லை. கஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, ஐரோப்பியர் கால் வைக்க அஞ்சிய நாடுகளை நோக்கிக் குதிரையேறினார்.

1823 இல் அவரை ஆப்கானிஸ்தானத்திற் காண்கிறோம். காபூல் அரியணைக்காகத் தன் சிறிய தந்தை தோஸ்த் முகமது கானை எதிர்த்துப் போரிட்டுக் கொண்டிருந்த ஹபிபுல்லா கானிடம் அவர் சேர்ந்து, 180 குதிரை வீரருக்குத் தலைவரானார். அக்காலப் போர் முறையில் வழிப்பறிக்கும் படையெடுப்புக்கும் வேறுபாடு அதிகம் இல்லை. அவ்வாறு மறிக்கப்பட்ட ஒரு பயணக் கூட்டத்தில் அகப்பட்ட பெண்ணொருத்தியை அவர் மணந்தார். ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது. பர்வான் பகுதியில் ஒரு கோட்டையில் அவர்களைக் குடிவைத்தார். 1826 இல் ஹபிபுல்லா தோற்றான். கார்ட்னர் காயங்களோடு கோட்டைக்கு விரைந்தபோது அங்கு ஒலியே இல்லை. மனைவியும் மகனும் மாண்டு கிடந்தனர். இருவரையும் அடக்கம் செய்துவிட்டு, எஞ்சிய சில தோழருடன் வடக்கே மலைகளுக்குள் மறைந்தார். முதுமையில் இப்பகுதியைச் சொல்லும்போது அவர் அலங்காரமாகப் பேசவில்லை. பெருமை பேசும் கிழவர் என அவரை ஒதுக்குவோர்கூட இந்த இடத்தில் தயங்கி நிற்பதுண்டு.

இதன் பின்னுள்ள நான்கைந்து ஆண்டுகளே வழக்கின் உயிர்நிலை. படக்ஷான், பாமீர், யார்க்கந்து, இலதாக்கு, கில்கித்து, காபிரிஸ்தான் என அவர் அடுக்கிச் செல்லும் இடங்களில் பலவற்றை அக்கால ஐரோப்பாவின் படங்கள் வெற்றிடமாகவே காட்டின. ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஜோன் வூட், பாமீரில் ஒக்சஸ் ஆற்றின் மூலத்தைத் தேடிச் சென்றது 1838 இல். கார்ட்னர் சொல்வது மெய்யாயின், வூட்டுக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே அவர் அம்மலைகளைக் கடந்துவிட்டார்.

காபிரிஸ்தானின் செய்தி இன்னும் முக்கியமானது. இந்துகுஷ் மலையின் தெற்குப் பள்ளத்தாக்குகளில், சுற்றிலும் இஸ்லாம் பரவிய பின்னரும் தம் பழைய தெய்வங்களையே வழிபட்டு வாழ்ந்தனர் ஒரு மக்கள். அவர்களிடையே ஓராண்டளவு தங்கி விரிவாக எழுதியவர் ஜோர்ஜ் ரொபேட்சன். அவர் நூல் 1896 இல் வெளிவந்தது. அதே காலத்தில் ஆப்கான் அமீர் அப்துர் ரகுமான் அந்நாட்டை வென்று, மக்களை மதம் மாற்றினார். நாட்டின் பெயரும் நூரிஸ்தான் என மாறிற்று. ரொபேட்சன் கண்டது ஒரு பழைய வாழ்வின் இறுதி ஆண்டுகளை. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அங்குச் சென்றதாகக் கூறியவர் கார்ட்னர். அவ்வளவு முற்பட்ட குறிப்பு ஒன்று கைக்கு எட்டியிருப்பின் அதன் மதிப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அக்குறிப்பைக் கார்ட்னர் ஆங்கிலேய அதிகாரி அலெக்சாந்தர் பேர்ன்ஸ் என்பவரிடம் கொடுத்தார். கொடுத்ததிற் பிழையில்லை. மத்திய ஆசியாவைப் பற்றி அறிந்தவர் அக்காலத்தில் பேர்ன்சுக்கு நிகராக வேறொருவர் இல்லை. புகாராவுக்குச் சென்று வந்து நூலெழுதிப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் 1841 நவம்பர் 2 ஆம் நாள் காலை, காபூல் நகர மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து பேர்ன்சின் வீட்டை முற்றுகையிட்டனர். பேர்ன்சும் அவருடைய தம்பியும் வெட்டி வீழ்த்தப்பட்டனர். வீடு கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. காபிரிஸ்தான் ஏடுகளும் அத்தோடு போயின. கலகக்காரருக்கு அந்நிய எழுத்தில் எழுதிய தாளால் என்ன பயன்? குளிர்காயப் பயன்பட்டிருக்கலாம்.

மீதியான குறிப்புகளின் சுருக்கம் ஒன்று 1853 இல் வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தொகுத்தவர் எட்ஜ்வேர்த் என்னும் ஆங்கிலச் சிவில் அதிகாரி, தாவரவியலிலும் வல்லவர். கார்ட்னரின் பெயரே அங்குச் சற்று மாறி எழுதப்பட்டிருந்தது. நாட்கள் பொருந்தவில்லை. ஊர்ப்பெயர்கள் எந்தப் படத்திலும் அகப்படாத வடிவில் இருந்தன. மார்க்கோ போலோவின் நூலைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற ஹென்றி யூல் இச்சுருக்கத்தை ஆராய்ந்து, இதைக் கொண்டு நிலவியல் எதையும் நிறுவ இயலாது எனக் கைவிட்டார். யூலின் கண்டிப்பு நியாயமானதே. ஆயினும் அவர் ஆராய்ந்தது மூலத்தையன்று என்பதை மறத்தலாகாது. துருக்கி மொழியிலும் பாரசீகத்திலும் கேட்ட பெயர்களை ஒருவர் தம் காதுக்கேற்றபடி ஆங்கிலத்தில் எழுத, அக்கையெழுத்தை இன்னொருவர் படித்துச் சுருக்க, அதனை அச்சுக்கோப்பவர் தம் அறிவுக்கேற்றபடி கோக்க, கடைசியில் வந்து சேர்ந்த பெயரை வைத்து முதற்பெயரைக் கண்டுபிடிப்பது எளிதோ? பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று காதோடு காதாக ஒரு சொல்லைக் கடத்தும் விளையாட்டை அறிந்தவர்கள் இதனை உணர்வர்.

பின்னர் 1860 ஆம் ஆண்டுகளில், பிரெடரிக் கூப்பர் என்னும் அதிகாரி காசுமீரத்தில் முதியவரின் அருகிருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி, வாழ்க்கை வரலாறு ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினார். 1857 கிளர்ச்சியின்போது சரணடைந்த சிப்பாய்களை அஜ்னாலாவிற் கூட்டமாகக் கொன்று, அதனைப் பெருமிதத்தோடு நூலாகவும் எழுதியவர் இவரே. பிறர் கதையைப் பொறுமையாய்க் கேட்டெழுதும் பணிக்கு அவர் முன்வந்தது வியப்புக்குரியது. நூல் முடியுமுன் அவர் இறந்தார். தாள்கள் மீண்டும் கண்ணுக்கு மறைந்தன. கடைசியாக அவை மேஜர் ஹியூ பியர்ஸ் என்பவர் கையை அடைந்தன. 1898 இல் பியர்ஸ் அவற்றைச் செப்பனிட்டு, சேர் ரிச்சட் டெம்பிளின் முன்னுரையுடன் வெளியிட்டார். இன்று கார்ட்னரின் நினைவேடு என்று வழங்குவது இந்நூலே. இதில் எந்த வாக்கியம் கார்ட்னருடையது, எது கூப்பருடையது, எது பியர்சினது எனப் பிரித்தறிவது அரிது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் கார்ட்னரை நிலநூலார் மட்டுமே நினைத்திருப்பர். ஆனால் நினைவேட்டுக்கு இரண்டாம் பாதி ஒன்றுண்டு. அது ஓர் அரசின் வீழ்ச்சியைப் பற்றியது. 1832 அளவில் கார்ட்னர் லாகூரை அடைந்தார். நெப்போலியனின் படையிற் பயின்ற அலார், வெந்துரா முதலியோர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இரஞ்சித் சிங்கின் சேனையை ஐரோப்பிய முறையிற் பயிற்றத் தொடங்கியிருந்தனர். வேலை தேடி வந்த வெள்ளையர் எவரும் எதையேனும் அறிந்தவர் எனக் காட்டியாக வேண்டும். பீரங்கிகளை இயக்கிக் காட்டித் தேர்வில் வென்று கேணல் பதவி பெற்றதாகக் கார்ட்னர் கூறினார். பின்னர் அவர் அமைச்சர் தியான் சிங்கின் சேவகத்தில் இருந்தார். தியான் சிங்கும் அவர் தமையன் குலாப் சிங்கும் ஜம்முவின் தோக்ரா மரபினர்.

1839 சூன் 27 ஆம் நாள் இரஞ்சித் சிங் இறந்தார். அடுத்த நாற்பதாண்டுக்கு வேண்டிய கொலைகள் நாலாண்டுக்குள் நடந்தேறின. மகாராசாவின் சிதையில் நான்கு அரசியரும் ஏழு பணிப்பெண்களும் உயிருடன் எரிந்த காட்சியைக் கார்ட்னர் கூறுகின்றார். அதே காட்சியை அரண்மனை மருத்துவர் ஹொனிக்பெர்கரும் தம் நூலில் எழுதியுள்ளார். இரண்டும் பெரிதும் ஒத்துப்போகின்றன. அவ்வாண்டு ஒக்டோபரில் புதிய மகாராசா கரக் சிங்கின் உயிர்த் தோழன் சேத் சிங் நள்ளிரவில் அரண்மனைக்குள் குத்திக் கொல்லப்பட்டான். கொலைக்குச் சென்ற கூட்டத்தில் தாமும் இருந்ததாகக் கார்ட்னர் ஒப்புக்கொள்கின்றார். புகழ் தேடும் பொய்யர் இத்தகைய இடத்திற் தம்மை நிறுத்திக் காட்டுவது அருமை.

1840 நவம்பர் 5 ஆம் நாள் கரக் சிங்கின் உடல் தகனமாயிற்று. அதே நாள் பிற்பகல், தகனத்திலிருந்து திரும்பிய இளவரசர் நவநிகால் சிங்கின்மீது கோட்டை வாயிலின் மேற்கட்டு இடிந்து வீழ்ந்தது. அருகே வந்த குலாப் சிங்கின் மகன் உத்தம் சிங் அவ்விடத்திலேயே மாண்டான். இளவரசர் மயங்கி வீழ்ந்தார். அவரைப் பல்லக்கிலேற்றி உள்ளே கொண்டு சென்று கதவடைத்தனர். அன்னைக்கும் அனுமதி இல்லை. பிறகு வெளிவந்தது அவர் இறந்தார் என்ற செய்தியே.

இந்நாளைப் பற்றிக் கார்ட்னர் தரும் விவரங்களே இன்றும் வரலாற்றாசிரியரை வாதாட வைக்கின்றன. அன்று காலையில் தம் பீரங்கி வீரர் நாற்பதின்மரைச் சீருடையின்றி வேலையுடையில் அழைத்துவருமாறு தியான் சிங் தமக்குக் கட்டளையிட்டார், காரணம் கூறவில்லை, வாயில் இடிந்தபின் அவர்கள் வேண்டாம் எனத் திருப்பி அனுப்பினார் என்கின்றார். இளவரசரைச் சுமந்தவர்கள் அவ்வீரருள் ஐவர். சுமந்தபோது காதருகே சிறிதளவு குருதியே கண்டதாக அவர்கள் கூறினர். பின்னர் அவ்வைவருள் இருவர் இறந்தனர். இருவர் விடுப்பில் ஊர் சென்று மீளவில்லை. ஐந்தாமவன் என்ன ஆனான் என்பது தெரியவில்லை. மருத்துவர் ஹொனிக்பெர்கர் உள்ளே அழைக்கப்பட்டபோது கண்டதோ உயிர் பிழைக்க வழியில்லாத தலைக்காயம். சிறு குருதிக்கும் பெருங் காயத்துக்கும் இடையே அடைத்த கதவுக்குள் நடந்தது யாது? கார்ட்னர் குற்றம் சாட்டவில்லை. விவரங்களை அடுக்கிவைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை. தியான் சிங் திட்டமிட்டு வாயிலை இடித்திருந்தால், தன் சொந்தத் தமையன் மகனை அதன்கீழ் நடக்க விட்டிருப்பாரா? இவ்வொரு கேள்வி கார்ட்னரின் குறிப்புகள் அனைத்துக்கும் எதிரே பாறைபோல் நிற்கின்றது. ஆனால் மற்றொன்றையும் எண்ண வேண்டும். இச்செய்திகள் முதலில் அச்சேறியது 1847 இல், கார்மைக்கேல் சிமித் என்பவர் கார்ட்னரின் குறிப்புகளையும் கொண்டு எழுதிய லாகூர் அரசகுல வரலாற்றில். அதற்கு முந்திய ஆண்டிற்றான் குலாப் சிங் 75 இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயரிடம் காசுமீரத்தைப் பெற்று மகாராசாவானார். லாகூரில் ஆங்கிலேயர் செல்வாக்கு ஓங்கியபின் அங்கிருந்து வெளியேற நேர்ந்த கார்ட்னருக்குப் புகலிடம் தந்தவரும் அக்குலாப் சிங்கே. எவருடைய குலத்தின்மீது ஐயம் விழும்படி அவர் சாட்சி சொன்னாரோ, அக்குலத்தின் சம்பளத்திலேயே முப்பதாண்டு வாழ்ந்தார். தமக்கு நன்மை தரும் பொய் என்று இதனைத் தள்ளிவிட வழியில்லை.

1929 இல் சார்ள்ஸ் கிரே என்பவர் பஞ்சாப் அரசின் பழம் பத்திரங்களைத் துருவி, வட இந்தியாவின் ஐரோப்பியப் படைவீரர் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். கார்ட்னரின் முற்பகுதிக் கதை முழுவதையும் புனைவு என அதில் அவர் தீர்த்துவிட்டார். அத்தீர்ப்பு நெடுங்காலம் செல்வாக்குடன் நின்றது. நெய் லயாஸ் போன்று அம்மலைகளை நேரிற் கண்ட பயணிகள், கார்ட்னர் அங்குச் சென்றிருக்கக்கூடும் எனக் கருதியதை அது மூடி மறைத்தது. ஜோன் கீ என்னும் வரலாற்றாசிரியர் 1977 இல் ஒரு முறையும், 2017 இல் தனி நூலாக மறுமுறையும் வழக்கைத் திறந்து கார்ட்னருக்காக வாதாடியுள்ளார். எண்ணிப் பார்க்குமிடத்து, கிரேயின் முறையில் ஒரு குறை தெரிகின்றது. பத்திரக் காப்பகத்தில் இருப்பது அரசு அறிந்தது மட்டுமே. 1826 இல் பாமீரில் ஒருவன் குதிரை மேய்த்ததை எந்த அரசின் எழுத்தன் பதிந்திருப்பான்? பதிவில்லை என்பதாற் பொய் என்றால், அக்காலத்து ஆசியாவில் வாழ்ந்த பெரும்பாலோர் வாழவேயில்லை என்றாகிவிடும். மலைப்பகுதிக்குச் சான்று இல்லை; ஆகவே அதனை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. லாகூர்ப் பகுதிக்கு ஒப்புநோக்கும் சான்றுகள் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் இட்டு, ஒன்றின் குறைக்காக மற்றதையும் வீசியது நேர்மையாகாது.

காணாமற்போன ஏடு ஒருபோதும் திரும்பாது என்று சொல்வதற்கும் இல்லை. இதே இரஞ்சித் சிங்கிடம் பணியாற்றிய இன்னோர் அமெரிக்கர் ஜோசையா ஹார்லன். 1799 இல் பென்சில்வேனியாவிற் பிறந்தவர். நூர்ப்பூர், ஜஸ்ரோத்தா, குஜ்ராத் ஆகிய பஞ்சாப் பகுதிகளை ஆண்டவர். பின்னர் தோஸ்த் முகமதுவிடம் சேர்ந்து இந்துகுஷ் மலையைப் படையுடன் கடந்தவர். கோர் நாட்டின் இளவரசுப் பட்டம் தமக்கு ஒப்பந்தத்தால் வழங்கப்பட்டது என அவர் கூறியபோது நகைத்தவர் பலர். 1842 இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஆங்கிலேயரின் சினத்தைக் கிளப்பியதால், விரிவான நினைவேடு அச்சேறாமலே நின்றது. 1871 இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் இறந்தார். கையெழுத்துப் பிரதியில் எஞ்சிய ஒரு பகுதியை 1939 இல் பிராங்க் ரொஸ் என்பவர் பதிப்பித்தார். மற்றவை 1929 இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன என்றே கருதப்பட்டது. அறுபதாண்டுக்கு மேற் கழிந்தபின், பென் மக்கின்டைர் என்னும் எழுத்தாளர் ஹார்லனின் சொந்த மாவட்டத்துச் சிறு நூதனசாலையொன்றிற் பழைய பெட்டியொன்றைத் திறந்தார். கையெழுத்துத் தாள்கள் அதில் இருந்தன. அவற்றின் இடையே கோர் நாட்டு ஒப்பந்தமும் இருந்தது. 2004 இல் மக்கின்டைரின் நூல் வெளிவந்தது.

கார்ட்னருக்கு அத்தகைய பெட்டி எதுவும் இதுவரை திறக்கப்படவில்லை. 1877 இல், தம் கணக்கின்படி 91 வயதில், அவர் ஜம்முவிற் காலமானார். உடல் சியால்கோட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டுக் கிறித்தவர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. 1947 இல் நாடு பிரிந்தபோது, அவர் இறந்த ஊர் இந்தியாவின் பக்கமும் புதைந்த ஊர் பாகிஸ்தானின் பக்கமும் ஆயின. அவர் எழுதிய முதல் ஏடு எரிந்த காபூல் வீடு இருந்த இடம் இவை இரண்டுக்கும் அப்பால், மேற்கே கைபர் கணவாயைக் கடந்து கிடக்கின்றது.